பிளெத்தோராவா, பிளென்டியா? சக்கை மரத்துக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

நாகர்கோவிலில் நான் நடத்தும் டிடிபி கடைக்கு மே மாதம் ஒரு மாமா வந்தார். சொந்த மாமா இல்லை, அம்மாவின் ஊர்க்காரர். குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகும் வழியில் அவருக்குப் பழைய ஓட்டு வீடு ஒன்றும் அதைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் விளையும் (எங்கள் பக்கம் தோட்டத்துக்கு அதுதான் பெயர்) உண்டு. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். வீட்டைச் சும்மா பூட்டிப்போடுவானேன் என்று ஹோம்ஸ்டே ஆக்கியிருக்கிறார். அருவி பார்க்க வருகிறவர்கள் தங்கலாம். அதற்கு இரண்டு மடிப்பில் ஒரு நோட்டீஸ், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ், ஆயிரம் காப்பி.

இங்கிலீஷ் பக்கத்தைத் துபாயிலிருந்து மருமகன் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பியிருந்தான். திறந்து பார்த்தால் ஒரே பக்கத்தில் ஐந்து பிளெத்தோரா. பிளெத்தோரா ஆஃப் ஜாக்ஃப்ரூட்ஸ், பிளெத்தோரா ஆஃப் பனானாஸ், பிளெத்தோரா ஆஃப் பேர்ட்ஸ், பிளெத்தோரா ஆஃப் ஹோம்லி ஃபுட், கடைசியாக பிளெத்தோரா ஆஃப் பீஸ்.

"வார்த்தை நல்ல கெத்தா இருக்குல்லா மக்களே? அப்படியே போட்டுரு" என்றார் மாமா.

'நிறைய' என்பதற்கு இங்கிலீஷில் நிறைய வார்த்தைகள் இருக்கின்றன. அதுதான் சிக்கலே. அன்று மாலை அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, பிளெத்தோரா, அபண்டன்ஸ், பிளென்டி, கலோர் என்று நாலு வார்த்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நோட்டீஸ், விளம்பரம், வேலைக்கு விண்ணப்பம், பள்ளி ஆண்டறிக்கை என்று எதையாவது இங்கிலீஷில் எழுத வேண்டியிருக்கிறவர்களுக்கு இது உதவலாம்.

முதலில் பிளெத்தோரா. நானும் ஒரு காலத்தில் அதன் ரசிகன்தான். கடை தொடங்கிய புதிதில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நோட்டீஸ் அடித்துக்கொடுத்தேன். 'எ பிளெத்தோரா ஆஃப் ஸ்பெஷலிஸ்ட்ஸ்' என்பது நானாகச் சேர்த்த வரி. ப்ரூஃப் பார்க்க வந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, எங்க பாடத்துல பிளெத்தோரான்னா உடம்புல ரத்தம் கூடிப்போயி மூஞ்சி செவந்து கிடக்கது. வைத்தியம் பாக்க வேண்டிய சமாச்சாரம். டாக்டருங்க கூடிப்போயிட்டாங்கன்னு நோட்டீஸ் போட்டா எவன் வருவான்?"

அவர் சொன்னது சரிதான். கிரேக்கத்தில் நிறைவு என்று பொருள்படும் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் வந்தபோது அது முழுக்க முழுக்க வைத்தியச் சொல். உடம்பில் ரத்தமோ மற்ற நீர்களோ அளவுக்கு மீறிப்போன நிலைக்கு அந்தப் பெயர். அதற்கு அன்றைய மருந்து ரத்தத்தை வெளியே எடுப்பது. நரம்பைக் கீறி எடுத்தார்கள், இல்லையென்றால் அட்டையை விட்டுக் குடிக்கவைத்தார்கள். கீரிப்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாம் உப்பு வைத்து உதறுவதை ஐரோப்பாக்காரர்கள் காசு கொடுத்து வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். 1700 வாக்கில் சொல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து பொதுவில் 'தேவைக்கு மிஞ்சியது' என்று ஆனது. மருத்துவத்தில் இன்றும் பழைய பொருளில் இருக்கிறது. ரத்தச் சிவப்பணு கூடுதலாக இருந்து சிவந்துபோய்ப் பிறக்கும் குழந்தையை பிளெத்தோரிக் என்றுதான் குறிக்கிறார்கள்.

'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று மருந்து அதிகாரத்தின் முதல் குறள் தொடங்குகிறது. வாதம், பித்தம், கபம் மூன்றில் எது கூடினாலும் குறைந்தாலும் நோய். கன்னியாகுமரிக் கடலில் 133 அடிக்கு நிற்கிறவரிடம் பிளெத்தோராவைச் சொன்னால் 'மிகின்' என்ற ஒரே சொல்லில் முடித்திருப்பார்.

மாமாவுக்கு இந்த வரலாறெல்லாம் ஏறவில்லை. டீயை ஆற்றிக்கொண்டு, "இப்ப அதுக்கு அர்த்தம் நிறையன்னுதானே?" என்றார். நியாயமான கேள்வி. அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன. மிக அதிகம் என்றும் இருக்கிறது, அளவுக்கு அதிகம் என்றும் இருக்கிறது. ஆக மருமகன் எழுதியதைத் தப்பு என்று யாரும் அடித்துவிட முடியாது. ஆனால் இங்கிலீஷை நுணுக்கமாகப் படிக்கிறவர் காதில் அந்த 'அளவுக்கு' என்பது லேசாக ஒலிக்கத்தான் செய்யும்.

அதனால் சக்கையைக் கொண்டே விளக்கினேன். (மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு: இங்கே பலாப்பழம் என்றால் சக்கை. வருக்கை, கூழன் என்று இரண்டு சாதி.) மே மாதம் அவர் விளையில் சக்கை மரம் எப்படி இருக்கும்? அடிமரத்திலிருந்தே காய்த்துத் தொங்கும். வீட்டில் சக்கை அவியல், சக்கை வற்றல், சக்கை வரட்டி. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் ரெண்டு மரம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது காரில் ஏற்றினால், அவர் திரும்பும் காரில் வேறு ரெண்டை ஏற்றிவிடுவார். கூழன் சக்கை தானாகப் பழுத்து விழுந்து, ஈ மொய்த்து, முற்றம் முழுக்க வாடை. "மாமா, அந்த நேரத்துல நீங்க என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

"சவத்தை யாராவது எடுத்துட்டுப் போங்கடேன்னு சொல்லுவேன்."

அதுதான் பிளெத்தோரா. சுமையாகிப்போன நிறைவு. அந்த வார்த்தைக்கு ஏற்ற இடங்களும் இருக்கின்றன. ஒரு பட்டா பெயர் மாற்றத்துக்கு எத்தனை பேப்பர் என்று அலுத்துக்கொள்ளும்போது, போனில் எத்தனை ஆப், எத்தனை பாஸ்வேர்டு என்று தலைசுற்றும்போது, எந்தக் காலேஜைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் பிள்ளை முழிக்கும்போது அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. விருந்தாளியை அழைக்கிற நோட்டீஸில் என்னத்துக்கு?

போடத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். முன்னால் 'எ' கண்டிப்பாக வேண்டும், 'எ பிளெத்தோரா ஆஃப்' என்றுதான் வரும். மருமகன் ஐந்து இடத்திலும் அதை விட்டிருந்தான். ஆஃபுக்குப் பிறகு எண்ணக்கூடிய பொருள், பன்மையில் வருவதுதான் வழக்கம். பிளெத்தோரா ஆஃப் பீஸ் என்றால் அமைதியை மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருக்கிற மாதிரி இருக்கிறது. அப்புறம் உச்சரிப்பு. நாம் 'தோ'வில் அழுத்தி இழுக்கிறோம். அவர்கள் முதல் அசையில் அழுத்தி, மீதியைச் சுருக்கி, 'ப்ளெத்தரா' என்று முடித்துவிடுகிறார்கள். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் இதை யாரும் திருத்தப்போவதில்லை. இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அபண்டன்ஸ். லத்தீனில் 'உண்டா' (unda) என்ற சொல்லுக்கு அலை என்று பொருள். அலை எழுந்து கரை மீறி வழிவதுதான் இந்தச் சொல்லின் வேர். முட்டம் பாறையில் உட்கார்ந்து ஆனி, ஆடிக் கடலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு அகராதி வேண்டாம். வழிந்தாலும் இங்கே யாரும் மூச்சுமுட்டுவதில்லை. மலை, மழை, பறவை, வெளிச்சம் என்று இயற்கை தருகிறவற்றோடு இது நன்றாகச் சேரும். 'அன் அபண்டன்ஸ் ஆஃப்' என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாகவும் நிற்கும்.

குறை என்றால் அந்த மரியாதைதான். கோயில் பிரசங்கத்தில் 'பரிபூரணம்' என்று சொல்லும்போது வருகிற தொனி இதில் உண்டு. போதாக்குறைக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, பணம் வந்து கொட்டுவதற்கு மந்திரம் போல ஆக்கிவிட்டார்கள். ஒரு நோட்டீஸில் ஒரு தடவை போடலாம், அதற்கு மேல் போட்டால் நன்கொடை கேட்கப்போகிறார்களோ என்று தோன்றும்.

பிளென்டிக்கு வந்தபோது மாமா முகம் சுளித்தார். "இது ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க எழுதுத இங்கிலீஷ்ல்லா?"

எளிய சொல் என்றாலே நமக்கு ஒரு இளக்காரம் இருக்கிறது. வேரைப் பார்த்தால் பிளென்டியும் பிளெத்தோராவும் ஒரே குடும்பம். இது லத்தீன் கிளையில் பிரெஞ்சு வழியாக வந்தது, அது கிரேக்கக் கிளை. 'ஃபுல்' என்கிற சொல்கூட அதே பழைய வேரின் இன்னொரு கொழுந்துதான். மூவருக்கும் சொத்து நிறைவுதான். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான், தம்பி அடுக்களையிலேயே இருந்துவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த அடுக்களைக் குணம்தான் பிளென்டியின் பலம். 'தேவையான அளவும் இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்' என்று அது சொல்கிறது. சாப்பிட உட்கார்ந்தவர் கையை மறைத்து, போதும் போதும் என்னும்போது, "சும்மா இருங்க, உள்ள நிறைய இருக்கு" என்று நம் வீட்டுப் பெண்கள் இன்னொரு அகப்பை மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) வைப்பார்கள் பாருங்கள், அந்த 'நிறைய'தான் பிளென்டி. எண்ணக்கூடியதற்கும் வரும், எண்ண முடியாததற்கும் வரும். தேர் ஆர் பிளென்டி ஆஃப் ரூம்ஸ், தேர் இஸ் பிளென்டி ஆஃப் வாட்டர். பின்னால் வருகிற பொருளைப் பார்த்து 'ஆர்', 'இஸ்' மாறும், அதை மட்டும் கவனித்தால் போதும். எதிர்மறை வாக்கியத்தில் மட்டும் சரியாக உட்காராது. 'நிறைய இல்லை' என்பதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். கடிதம், மெயில், பேச்சு எதிலும் தைரியமாகப் போடலாம். எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் அனுமதி என்றால் இதைத்தான் எடுப்பேன்.

நாலாவது கலோர். ஐரிஷ் மொழியில் 'கோ லோர்', அதாவது போதுமான மட்டும், என்பதிலிருந்து வந்தது. இதன் விசேஷம் நிற்கிற இடம். மற்ற வார்த்தைகள் பொருளுக்கு முன்னால் வரும், இது பின்னால்தான் வரும். ஃப்ளவர்ஸ் கலோர், பனானாஸ் கலோர். 'கலோர் ஃப்ளவர்ஸ்' என்று எழுதினால் தப்பு, நடுவில் 'ஆஃப்' போட்டாலும் தப்பு. தமிழில் யோசிக்கிறவருக்கு இது கஷ்டமே இல்லை. 'ஏராளமான பூ' என்று எழுதினாலும், வாய்விட்டு வியக்கும்போது நாமும் 'பூ ஏராளம்!' என்றுதானே பின்னால் போடுகிறோம்?

கலோரைப் பார்க்க வேண்டுமென்றால் ஓணத்துக்கு முந்தின நாள்களில் விடியும் முன் தோவாளைக்குப் போக வேண்டும். கேந்தி ஒரு பக்கம் மஞ்சளும் காவியுமாக மலை மாதிரி, பிச்சி ஈரச் சாக்குக்குள், அரளி, சம்பங்கி, கோழிக்கொண்டை, கொழுந்து. அத்தப்பூ போட மலையாளத்துக்காரர்கள் வண்டியோடு வந்து நிற்பார்கள். விலை ஏறி நிற்கும், பூவும் குவிந்து கிடக்கும், எல்லார் முகத்திலும் ஒரு திருவிழா. அந்தத் திருவிழா முகம்தான் கலோர். அதே தோவாளைக்கு முகூர்த்தமும் திருவிழாவும் இல்லாத ஒரு நாளில் போய்ப் பாருங்கள். பூவுக்கு இப்போதும் குறைவிருக்காது, வாங்கத்தான் ஆள் இருக்காது. அந்தக் குவியலை கலோர் என்று சொல்ல மனசு வராது. அதற்கு வியாபாரத்தில் கிளட் என்று வேறு சொல் இருக்கிறது. சாளை மீன் ஒரேயடியாகப் பட்டு, கரையில் ஏலம் கேட்க ஆளில்லாமல் விலை விழும் நாளுக்கும் அதே கிளட்தான். வாங்க வந்தவன் கண்ணுக்கு கலோர், விற்க வந்தவன் வயிற்றுக்கு கிளட்.

கலோர் கொஞ்சம் விளையாட்டுச் சொல். தலைப்புக்கும் ஃப்ளெக்ஸ் போர்டுக்கும் நன்றாக இருக்கும், வங்கிக்கு எழுதும் கடிதத்தில் வரக்கூடாது. மாமாவுக்கு அது பிடிக்கத்தான் செய்தது. ஒரே ஒரு சந்தேகம்: "கலோர்னு போட்டா, சுகர்க்காரனுவ கலோரின்னு வாசிச்சுட்டு ஓடிருவானுவளே?" வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மற்ற சில வார்த்தைகளையும் மருமகன் மாற்றாக அனுப்பியிருந்தான். மிரியட் கிரேக்கத்தில் பத்தாயிரம் என்ற எண், கவிதைக்குச் சரி, வாழைக்குலைக்குப் பெரிசு. கோப்பியஸ் என்றால் எனக்கு மழையும் கண்ணீரும் பரீட்சை நோட்ஸும்தான் ஞாபகம் வரும். டீமிங் நண்டும் மீனும் நெளிகிற குளத்துக்கு அழகு, தங்கும் அறைக்கு வேண்டாம், மூட்டைப்பூச்சி நினைவு வரும்.

இதற்குள் தமிழ்ப் பக்கம் என்ன ஆயிற்று? அங்கேயும் இதே தேர்வு காத்திருந்தது. 'மலிந்து கிடக்கும் சக்கை' என்று மாமா எழுதியிருந்தார். மலிதல் பழைய தமிழில் நல்ல சொல், நிறைந்திருத்தல் என்று பொருள். நிறைந்தால் விலை இறங்கும், அதனால் மலிவு என்றால் விலை குறைவு என்றாயிற்று. சந்தைக் கணக்கு முழுவதும் ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இப்போது ஊழல் மலிந்துவிட்டது, கொசு மலிந்துவிட்டது என்று கெட்டதற்கே அதிகம் போடுகிறோம். பிளெத்தோரா நடந்த அதே பாதைதான். கொள்ளை என்ற சொல்லும் இரண்டு பக்கமும் வெட்டும். கொள்ளை மீன் என்றால் சந்தோஷம், கொள்ளை விலை என்றால் சண்டை. ஏராளம் என்பதில் பேப்பர் விளம்பர வாடை. விளவங்கோடு பக்கத்தில் மலையாளத்தோடு சேர்ந்து 'ஒருபாடு' என்பார்கள், கேட்க இனிக்கும், மதுரைக்காரருக்குப் புரியாது. கடைசியில் 'தாராளமாக' என்று போட்டோம். தாராள மனசு என்று சொல்கிறோமே, அந்தக் கொடுக்கும் குணமும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பொருந்தியது. இங்கிலீஷ் பிளென்டியில்கூட அந்தக் கை நீளல் இவ்வளவு தெளிவாக இல்லை.

சரி, முடிவுக்கு வருவோம். சாப்பாட்டுக்கு பிளென்டி. 'ஹோம்லி ஃபுட்' என்பதையும் மாற்றச் சொன்னேன். நம்மூரில் அது வீட்டுச் சாப்பாடு, அமெரிக்காக்காரனுக்கு ஹோம்லி என்றால் பார்க்கச் சுமாரானது. 'பிளென்டி ஆஃப் ஹோம்-குக்ட் ஃபுட்' என்றும், அதன் கீழே புட்டு, பயறு, பப்படம், மரச்சீனி, நெத்தோலிக் குழம்பு என்று பெயர்களையும் போட்டோம். பெயர்கள் வந்தபிறகு 'நிறைய' என்று சொல்ல வேண்டிய தேவையே பாதி குறைந்துவிட்டது. பறவைகளுக்கு அபண்டன்ஸ், ஒரே தடவை. பீஸுக்கு எந்த அளவுச் சொல்லும் இல்லை. அமைதியாக இருக்கும் என்று சொன்னால் போதாதா?

வாழைக்குத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. மாமா விளையில் மட்டி, செவ்வாழை, நேந்திரன், பாளையங்கோட்டான் நாலும் உண்டு. கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னதாக, மெல்லிய தோலோடு, வாசனையாக, பச்சைப் பிள்ளைக்கு முதலில் ஊட்டுகிற பழம். அதைச் சொல்லாமல் 'பனானாஸ் கலோர்' என்று மட்டும் போட்டால் எந்த ஊர் வாழையோ என்றாகிவிடும். கலோரி பயத்தையும் மீறி, 'பனானாஸ் கலோர்' என்று தலைப்பு வைத்து, அடியில் நாலு பெயரையும் குலைகள் தொங்கும் போட்டோவையும் போட்டோம்.

சக்கைக்கு வார்த்தை எதுவும் நிற்கவில்லை. டிசம்பரில் வருகிற விருந்தாளி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தால் இலைதான் இருக்கும். ஆகவே 'ஜாக்ஃப்ரூட் இன் சீசன்' என்று மூன்று சொல்லோடு விட்டோம். மாமா அதைப் பார்த்து, "கஞ்சத்தனமா இருக்கு" என்றார். பிறகு, "சரி, உண்மைதானே, விடு" என்றார்.

ப்ரூஃபைப் போட்டோ எடுத்து மருமகனுக்கு அனுப்பினார். ரெண்டு நிமிஷத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பிளெத்தோரா எல்லாம் எங்கே போயிற்று என்று அவன் கேட்டான்.

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "அதா? அது ரத்தக் கொதிப்புக்குள்ள மருந்தாம்ல மக்களே, நம்ம வீட்ல யாருக்கும் இல்ல" என்றார்.